வாரின் நீளம் எழுதவில்லை

மார்ச் 3

அத்தைக்கு,

வீட்டை விட்டு வந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் மெயில் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கடை விஷயம்.

நீங்கள் தைப்பதை விற்க நாம் ஆரம்பித்த இணையக் கடை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. நான் கிளம்பிய பிறகு அதை நீங்கள் அப்படியே விட்டுவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டுக் கணினியில் என் கணக்கு திறந்தே இருந்திருக்கும் போல. யாரோ உட்கார்ந்து, "மனதை மயக்கும் மிகப் பெரிய பை, வாங்கினால் விடவே மாட்டீர்கள்" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். வாங்கிய அம்மாள் மறுநாளே விட்டுவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகம்கூட உள்ளே போகவில்லையாம். படத்தில் பையின் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் அது பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பையைத் திருப்பி அனுப்பி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, நாலு வரி திட்டியும் இருக்கிறார். திட்டு எனக்கு வந்தது.

உங்கள் தையலை யாரும் குறை சொல்ல முடியாது. அதைப் பற்றி எழுதியவரால் உங்களுக்குக் கெட்ட பெயர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஒன்று செய்யலாம். அலமாரியில் தைத்து வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் நானே விவரம் எழுதிப் போட்டுவிடுகிறேன். ஒவ்வொன்றாகப் படமும் தகவலும் அனுப்புங்கள். அது என்ன பொருள், எந்தத் துணி, நீளம் அகலம் எவ்வளவு, உள்ளே என்னவெல்லாம் போகும், எப்படித் துவைப்பது, ஏதாவது குறை இருந்தால் அதுவும். வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. அவர் கைக்குப் பதிலாக நம் எழுத்துதான் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். அதன் பிறகு நமக்குள் எழுத எதுவும் இருக்காது.

போன் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் மறுபடியும் அந்தச் சமையலறையில் நிற்பது போல ஆகிவிடும். உங்கள் மகனைப் பற்றியும் வேண்டாம். கடை மட்டும்.

மார்ச் 6

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்க எழுதவில்லை என்று சொல்வதற்காகவே ஒரு வரியைச் செலவழித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சரி, நானும் விசாரிக்கவில்லை.

போனில் அந்தச் சின்னச் சின்ன எழுத்தைத் தட்டினால் எனக்கு விரல் வலிக்கிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த "மனதை மயக்கும்" ஆள் மாடி வீட்டுக்காரி. உதவி செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். அவள் பேச்சும் அப்படித்தான், எழுத்தும் அப்படித்தான். ஒரு வாய் காப்பிக்கு ஒரு மணி நேரம் புகழ்வாள். போகட்டும், அவளும் இப்போது வருவதில்லை. பேரன் பிறந்திருக்கிறான், ஊருக்குப் போய்விட்டாள்.

முதலில் தோள்பை. கருநீலத் துணி, பழைய மழைக்கோட்டு நிறம். ஒன்றரை ஜாணும் இரண்டு விரலும் அகலம் இருக்கும். உயரம் அதைவிடக் கொஞ்சம் கூட. உள்ளே லைனிங் கொடுத்திருக்கிறேன், பூப்போட்டது. அந்தப் பூத்துணி உனக்குத் தெரியும். வரவேற்பறைத் திரைச்சீலை தைத்தபோது மிச்சமானது. திரைச்சீலை இப்போது ஒரு பக்கம் வளையம் விட்டுத் தொங்குகிறது. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஏறினால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். தொங்கட்டும், வெயில் ஒரு பக்கமாவது வருகிறது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. இது கடை விஷயம் இல்லை, தெரியும். படித்துவிட்டு மறந்துவிடு.

மார்ச் 8

அத்தைக்கு,

ஜாண் என்று எழுதினால் நான் என்ன செய்வது? வாங்குகிறவர் யாருடைய கையை நீட்டி அளப்பார்? சென்டிமீட்டரில் வேண்டும்.

உயரம் "அதைவிடக் கொஞ்சம் கூட" என்றால் எவ்வளவு கூட? ஜிப் இருக்கிறதா, பட்டனா, திறந்த வாயா? துணி கான்வாஸா, வேறா? சாயம் போகுமா? நிறத்துக்கு மழைக்கோட்டு உதாரணம் சரிவராது. மழைக்கோட்டு மஞ்சளிலும் இருக்கிறது.

நான் கறாராகக் கேட்பது உங்களைக் குடைவதற்கு இல்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலையே இதுதான். ஒரு பெரிய இணையக் கடையின் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து பொருள்களுக்கு விவரம் எழுதுகிறோம். நேற்று முழுக்க இஸ்திரிப்பெட்டி. இன்று மேசை விளக்கு. எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு படமும் நாலு எண்ணும் வரும், அதை வாக்கியமாக்க வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லோரும் தட்டிக்கொண்டே இருப்போம். விளக்கின் ஒயர் எவ்வளவு நீளம் என்று தெரியாவிட்டால் கேட்க ஆளில்லை. "தேவையான நீளம்" என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான். அப்படி எழுதும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும். உங்கள் பைக்கு அப்படி எழுத மாட்டேன்.

மேலே கேட்டதற்குப் பதில் அனுப்புங்கள். குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். சிங்குக்குக் கீழே நீல டப்பாவில் புதியது இருக்கிறது.

மார்ச் 15

மருமகளுக்கு,

என் கை உனக்குத் தெரியாதா? காய்ச்சல் வந்தபோதெல்லாம் உன் நெற்றியில் கிடந்த கைதானே. அதில் ஒரு ஜாண் எவ்வளவு என்று உனக்கே கணக்கு வந்திருக்கும். சரி, வாங்குகிறவர்களுக்குத் தெரியாதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

கான்வாஸ்தான், படத்தில் தெரிவதைவிட நிறம் கொஞ்சம் கறுப்பு. சாயம் போகாது, தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டேன். மேலே ஜிப், உலோகப் பல். அகலம் 38. உயரம் 41. டேப்பைக் காணவில்லை, அதனால் அளவுகோலை வைத்து அளந்தேன்.

உன் அலுவலகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் வேலை பார்த்த துணித் தொழிற்சாலையில் கட்டிங் செக்‌ஷனில் எந்திரம் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினால்கூடக் கேட்காது. அப்படியும் பேசினோம். கையை ஆட்டி, கண்ணைக் காட்டி, துண்டுத் துணியில் சாக்பீஸால் எழுதி. யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், மேலாளர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், எல்லாம் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சத்தமே இல்லாத அறையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறீர்கள். என்ன வேலையோ.

வாஷர் போட்டுவிட்டேன். குழாய் நின்றுவிட்டது. இப்போது சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. சொட்டிக்கொண்டிருந்தபோதே தேவலை என்று தோன்றுகிறது.

மார்ச் 18

அத்தைக்கு,

தோள்பைக்கு எழுதியதைப் பாருங்கள்:

"ஜிப் வைத்த தோள்பை. அடர்த்தியான பருத்தி கான்வாஸ், கருநீலம். படத்தில் தெரிவதைவிட ஒரு சாயல் கறுப்பு. அகலம் 38 செ.மீ., உயரம் 41 செ.மீ. அலுவலகக் கோப்பு, தண்ணீர்ப் புட்டி, மடித்த சால்வை மூன்றும் தாராளமாகப் போகும். உள்ளே பூப்போட்ட லைனிங். தண்ணீரில் துவைக்கலாம், சாயம் போகாது. வாரின் நீளம்:"

அங்கேயே நின்றுவிட்டது. தோளில் மாட்டும் பைக்கு வாரின் நீளத்தை எழுதாமல் விட்டால் எப்படி? மாட்டினால் இடுப்புக்கு வருமா, முழங்காலுக்கு வருமா?

கூடவே ஒரு படம் வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் நீளமாக, மூன்று பைகள் தைத்து, நடுவில் எதையோ மாட்டும் பட்டை. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது "இது அது" என்று மட்டும். எது? கடையில் வந்து யாரும் "அது" என்று தேடமாட்டார்கள். பெயரும் அளவும் சொல்லுங்கள்.

மார்ச் 29

மருமகளுக்கு,

"அது" நாற்காலிக் கையில் மாட்டுவது. பட்டையைக் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும். ஒரு பையில் கண்ணாடி, ஒன்றில் மாத்திரை அட்டை, ஒன்றில் போன். முழங்கால் மடங்கி உட்கார்ந்த பிறகு, "அந்தக் கண்ணாடியை எடுத்துக் கொடு" என்று சொல்ல ஆள் இருக்கிறவர்களுக்கு இது தேவைப்படாது. எனக்காகத் தைத்தேன். உபயோகமாக இருக்கிறது. இன்னும் இரண்டு தைத்துவிட்டேன். பெயர் நீயே வை.

நீளம் ஏறக்குறைய ஒரு முழம். டேப் கிடைக்கவே இல்லை. அளவுகோலையும் எங்கோ வைத்துவிட்டேன்.

வாரின் நீளம் கேட்டிருந்தாய். போதுமான நீளம் இருக்கும். நான் மாட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிதாக ஏப்ரனும் வெட்டி வைத்திருக்கிறேன். நீ அலமாரியில் இருப்பது மட்டும் என்று சொன்னாய். அலமாரி காலியாகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

ஏப்ரல் 4

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கோபப்படாமல் படியுங்கள்.

நான் பார்த்த அத்தை பேருந்தில் எதிரே நிற்பவரின் முதுகைப் பார்த்தே தோள் அளவு சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் என்னை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, டேப்பே வைக்காமல் ரவிக்கை தைத்து அனுப்பியவர். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர் பையின் வாரை அளக்க மறக்கிறார். கேட்ட பிறகும் மறக்கிறார். "போதுமான நீளம்" என்கிறார். அந்த வார்த்தையை நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல். விரலுக்குப் பக்கத்தில் மஞ்சள் டேப் சுருண்டு கிடக்கிறது. "டேப் கிடைக்கவே இல்லை" என்று எழுதிய வரிக்குக் கைதூரத்தில் அது கிடக்கிறது, அத்தை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பை நினைவாக அணைக்கிறீர்களா? கதவைப் பூட்டுகிறீர்களா? மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்கிறீர்களா? எங்கள் அலுவலகத்தில் ஒருத்தியின் அப்பாவுக்கு இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது என்றாள். அதைக் கேட்டபிறகு மேசை விளக்குக்கு விவரம் எழுத ஓடவில்லை.

நான் போட்ட நிபந்தனையை நானே மீறுகிறேன். உங்கள் மகனுக்கு எழுதிவிட்டேன். உங்களை ஒரு மறதி டாக்டரிடம் காட்டச் சொல்லி. நான் அங்கே இருந்திருந்தால் நானே கூட்டிப்போயிருப்பேன். தப்பாக நினைக்காதீர்கள்.

ஏப்ரல் 20

மருமகளுக்கு,

தப்பாகத்தான் நினைக்கிறேன். நினைக்காமல் என்ன செய்ய?

வந்தான். பொங்கலும் பூசையும் இல்லாத ஒரு நாளில் என் மகன் வாசலில் வந்து நின்றால், எனக்கே என்ன உடம்புக்கு என்று சந்தேகம் வராதா? உள்ளே நுழைந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். மாத்திரைகளை எண்ணினான். "அம்மா, நான் யார்னு சொல்லு" என்றான். "எருமை"ன்னு சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை, முகம் வெளுத்துவிட்டது பாவிக்கு.

டாக்டர் சின்னப் பெண். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். "எம் பையன் லீவு போட்டு வந்திருக்கான், ஏதோ விசேஷமான கிழமையாத்தான் இருக்கணும்" என்றேன். அதை அவள் குறித்துக்கொண்டாள்! மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். எல்லாம் செய்தேன். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். "உங்க கோட்டுல இடது தோள் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்மா, அதான் அடிக்கடி இழுத்துவிட்டுக்கறீங்க" என்றேன். எழுந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். எனக்கு மறதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் உன் புருஷனாக இருந்தவன் நம்பவில்லை. "தனியா இருக்க வேண்டாம், எங்கூட வந்துடு, வீட்டைப் பூட்டிடலாம்" என்கிறான். அங்கே ஓர் அறை இருக்கிறதாம். அதில் சலவை எந்திரமும் சைக்கிளும் இருக்கிறதாம். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் எனக்கும் இடம் இருக்குமாம். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். சலவை எந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

இப்போது கேட்டுக்கொள். தோள்பை: அகலம் 38, உயரம் 41, அடிப்பட்டை 10, வார் 66, அகலம் 4, இரண்டு முனையிலும் சதுரமாகப் பெட்டித் தையல், எட்டுக் கிலோ தாங்கும், அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். நாற்காலிப் பை: பட்டை 52, ஒவ்வொரு பையும் 14க்கு 20, கண்ணாடிப் பைக்கு உள்ளே கீறாத துணி. ஏப்ரன்: நீளம் 85, இடுப்புப் பட்டை இரண்டு பக்கமும் 90, பருத்தவர் கட்டினாலும் முன்னால் முடிச்சுப் போடலாம், வலது பக்கப் பையில் ஒரு நூல் பிசிறு இருக்கிறது, அது குறை. தலையணை உறை 45க்கு 70, உள்மடிப்பு 15. கைத்துணி 24 சதுரம், உள்ளே மூன்று அடுக்கு, சூடான பாத்திரத்தை முப்பது எண்ணும் வரை பிடிக்கலாம், அதற்கு மேல் கை சுடும். எதையும் பார்த்து எழுதவில்லை. தைக்கும்போதே மனதில் ஏறிவிடும். ஏறியது இறங்காது.

பிறகு ஏன் விட்டேன் என்று கேட்பாய். முழுதாக எழுதினால், "நன்றி, போட்டுவிட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். ஒன்றை விட்டால் நீ திட்டி எழுதுவாய். திட்டுகிற கடிதம் நீளமாக இருக்கும்.

இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. பால்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறார். அவன் வாரம் ஒருமுறை போன் பண்ணி "சாப்டியா" என்பான், நான் வாய் திறப்பதற்குள் "சரி, வைக்கிறேன்" என்பான். நீ ஒருத்திதான் "அகலம் எவ்வளவு, வார் எங்கே வரை வரும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் தனியாக இருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என் நோய்.

எல்லா அளவும் கொடுத்துவிட்டேன். இனி நீ கேட்க ஒன்றுமில்லை. கணக்கை மாற்றிவிட்டு உன் வேலையைப் பார்.

மே 11

என்னவென்று கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காரணம் கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் விவரம் எழுதிப் போட்டுவிட்டேன். சாம்பல் நிறத்துக்கு "நாற்காலிக் கைப்பை" என்று பெயர் வைத்தேன். யாருக்கு உபயோகப்படும் என்ற இடத்தில் "தனியாக இருப்பவர்களுக்கு" என்று எழுதி, அழித்து, "உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு" என்று மாற்றினேன். கணக்கு இப்போது உங்கள் பெயரில். கடவுச்சொல் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகனோடு போனில் பேசினேன். மறதி இல்லை, நான் போட்ட தப்புக் கணக்கு என்று சொன்னேன். ஏன் அளவை விட்டீர்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அம்மாகிட்ட என்ன கேக்கறதுன்னே எனக்குத் தெரியல. நீ என்ன கேப்ப?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் உண்மையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். "தைக்கறதைப் பத்திக் கேளுங்க, அப்புறம் அவங்களே பேசுவாங்க" என்றேன். உங்களை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றும் சொன்னார்.

இப்போது என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பொருளுக்கு விவரம் போடும் பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. நீளம், அகலம், துணி, வார், துவைக்கும் முறை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். எதை விட்டாலும் சிவப்பாகக் காட்டும். அதை அச்செடுத்து உங்களுக்கு முதல் நாளே தபாலில் அனுப்பியிருந்தால், ஒரே மத்தியானத்தில் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். அலுவலகத்தில் நாள் முழுக்க என் கண்முன்னால் இருப்பதே அதே மாதிரிப் படிவம்தான். அனுப்பத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அனுப்பவில்லை.

நான் இருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே துணி சுழலும் சத்தம் நின்றால் கடை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் காலை வரை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைத் திறப்பேன். திறந்ததும் என்ன விட்டிருக்கிறீர்கள் என்று தேடுவேன். விட்டிருந்தால் "இதென்ன தொல்லை" என்று வாய்விட்டுச் சொல்வேன். மனதுக்குள் அப்பாடா என்றிருக்கும். கடைசிக் கடிதத்தில் எதுவும் விட்டுப்போகவில்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். அன்றைக்கு அழுதேன்.

நேற்று நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் பிரிந்தது சட்டப்படி முடிந்தது. அவரிடம் எனக்குக் கேட்க எதுவும் இல்லை, வருத்தமும் குறைந்துவிட்டது. ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நினைத்தது உங்களை. இந்தத் தாளின்படி நீங்கள் எனக்கு யாரும் இல்லை. இனி உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?

மே 14

பெண்ணே,

என்ன கேள்வி இது. அத்தை என்றுதான் கூப்பிடுவாய், வேறென்ன அக்கா என்றா கூப்பிடப் போகிறாய்? அந்தத் தாள் உனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளது. அதில் என் கையெழுத்தைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். உன்னை நான் அவனுக்குக் கட்டிவைத்தது வாஸ்தவம். அதற்குப் பிறகு நானும் நீயும் பழகினது நாமாகப் பழகினது. அதைப் பிரிக்க எந்த நீதிபதிக்கு நேரம் இருக்கிறது?

நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். அவன் ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். "சாப்டியா" என்றான். வைத்துவிடுவான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. "இப்ப என்னம்மா தைக்கற?" என்று கேட்டான். மனப்பாடம் செய்துகொண்டு வந்து கேட்டது போலத்தான் இருந்தது. பரவாயில்லை. நானும் வாய் ஓயும்வரை சொன்னேன். நடுவில் அவன் "ம்" கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடையில் உன் எழுத்தையெல்லாம் படித்தேன். ஒரு இடத்திலும் மயக்கவில்லை, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாய். ஏப்ரனில் அந்த நூல் பிசிறையும் சொல்லியிருக்கிறாய். நானாக இருந்தால் வாங்குவேன். நாற்காலிப் பைதான் முதலில் போனது. இன்னும் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு பேர் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

படிவத்தை நீ அனுப்பாமல் வைத்துக்கொண்டாய் என்று படித்தபோது எந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நான்தான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அது தெரிந்திருந்தால் இவ்வளவு பொய் சொல்லியிருக்க மாட்டேன். டேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காணவில்லை என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இத்தனை நாளும் நீ கேட்டாய், நான் பாதி பதில் சொன்னேன். நான் உன்னை ஒன்றுமே கேட்கவில்லை. நலம்கூட விசாரிக்கவில்லை என்று ரோஷத்தில் எழுதினேன். இப்போது கேட்கிறேன். அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, எந்தப் பக்கம்? சமைக்கிறாயா, வாங்கித் தின்கிறாயா? தலைவலி வந்தால் என்ன செய்கிறாய்? அலுவலகத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் பெயர் என்ன, அவளோடாவது பேசுகிறாயா? கதவைத் தட்ட ஒருவராவது வருகிறார்களா? இளைத்துவிட்டாயா? உண்மையைச் சொல்.

பதில் எழுது. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடாதே.

அத்தை